ஸ்டெல்லா அக்கா கேட்காத இரண்டு சொற்கள்

கதிரேசன்தான் முதலில் போன் செய்தான். "வசந்தாக்கா, ஸ்டெல்லாக்கா இன்னும் வரலயே. பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கிறேன். கெளம்பிட்டாங்களா?" என்றான். கதிரேசனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வாரம் ஒருமுறை பட்டுக்கோட்டையிலிருந்து கும்பகோணம் வருவான். அக்கா போய்க் கூட்டிவருவார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "வந்துடுவாங்க, எங்கயும் நகராத" என்று சொல்லி வைத்தேன். அடுத்த அழைப்பு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் முனையில் டவுன் பஸ் மோதி, ஸ்டெல்லா அக்கா அந்த இடத்திலேயே போய்விட்டார்.

"ஹாரன் அடிச்சுக்கிட்டேதாங்க வந்தேன். அந்தம்மா திரும்பிக்கூடப் பாக்கல" என்று டிரைவர் எல்லாரிடமும் சொல்லி அழுதாராம். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். கதிரேசனை நான் போய்க் கூட்டிவந்தேன். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தான். "அந்த பிரேக் சத்தம் எனக்குக் கேட்டுச்சுக்கா. யாருக்கோ என்னமோன்னு நெனச்சு நின்னுட்டேன்."

துபாயிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருந்துகொண்டு "எப்படி நடந்தது, எப்படி நடந்தது" என்று கேட்கும் நம் வாசிப்புக் குழுவினருக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் அக்காவின் டெலிபோன் பூத்தில் உட்கார்ந்து வாசித்தவர்கள்தான். ஆனால் கடைசி இரண்டு வருஷம் உங்களில் யாரும் இங்கே இல்லை.

அக்கா தமிழ் எம்.ஏ. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்து காத்திருந்து, வராது என்று தெரிந்ததும் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் காசு கொடுத்துப் பேசும் எஸ்.டி.டி. பூத் வைத்தார். கணவர் குவைத்திலிருந்து அனுப்பிய பணம்; அவரும் அங்கேயே மாரடைப்பில் இறந்துபோனார். அப்போது நம் தெருக்களில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை பூத் வாசலில் ரேஷன் கடைக் கூட்டம் நிற்கும். மற்ற நாட்களில் மதியம் கண்ணாடி அறை சும்மாதானே கிடக்கிறது என்று, உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டி, டேப் ரெக்கார்டரை வைத்து, பார்வையற்ற மாணவர்களுக்காகப் பழைய இலக்கண உரைகளை வாசிக்கச் சொன்னவர் அவர். மின்விசிறி போட்டால் ஒலிப்பதிவில் விழும் என்று அதையும் நிறுத்திவிடுவார். வேர்த்து ஊற்றும். "பொண்டாட்டிகிட்ட பேச வந்தவன் ஒரு மணி நேரம் இதுக்குள்ள நிக்கிறான். உனக்கு அரை மணி நேரம் நூற்பா படிக்க வலிக்குதா?" என்பார்.

நாம் வாசிப்போம், அவர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஹெட்போனில் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுச் சரிபார்ப்பார். அவர் 'சரி' என்று சொல்லாமல் ஒரு கேசட்டும் வெளியே போகாது. அடக்கத்தன்று மாதா கோயிலில் பேசிய ஒருவர், அக்கா பொறுமையின் வடிவம் என்றார். பொறுமையாவது மண்ணாவது! 'ழ'வை விழுங்கியதற்காக என்னை ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்து அழவிட்டவர் அவர்.

பிரபாகரை நினைவிருக்கிறதா? திருவிடைமருதூர்க்காரர், இன்ஜினியர், நல்ல குரல். பழைய உரைகளில் '(இ-ள்)' என்று அச்சிட்டிருப்பார்கள்; 'இதன் பொருள்' என்பதன் சுருக்கம். 'எ-று' என்றால் 'என்றவாறு'. பிரபாகர் முதல் நாள் அச்சில் இருந்தபடியே 'இள்', 'எறு' என்று கம்பீரமாக வாசித்துத் தள்ளினார். அக்கா கதவைத் திறந்தார். "இள்ளுன்னா என்ன தம்பி, எள்ளுக்கு ஒறமொறையா?" பூத்தில் போன் பேச வந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். பிறகு அக்காவே சொன்னார்: "சுருக்கமெல்லாம் கண்ணுக்குத்தான். காதுக்கு முழுசா குடு." இதை நாம் எல்லாரும் எத்தனையோ முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

பிறகு செல்போன் வந்தது. பூத் வாசல் வெறிச்சோடியது. பிரபாகருக்கு விசா வந்தது. கைவசம் இருந்த இலக்கண உரையின் கடைசிப் பகுதியை அவசர அவசரமாக வாசித்துக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். அக்கா கேட்டார், 'சரி' என்றார், பிரதிகள் பார்வையற்ற மாணவர் விடுதிகளுக்குப் போயின.

அந்தப் பதிவைக் கேட்டுப் படித்தவன் கதிரேசன். அப்பா தேங்காய் உரிக்கும் கூலி. அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணி தட்டை வைக்கும் சத்தத்திலேயே அன்றைய மனநிலை தெரியும் என்பான். ஒரு கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர் நேர்காணலுக்குப் போனான். ஒரு விதியைப் பற்றிக் கேட்டார்கள். உரையாசிரியரின் கருத்து இன்னது என்று கேசட்டில் கேட்டதை வரி பிசகாமல் சொன்னான். எதிரே இருந்தவர்கள் சிரித்துவிட்டார்களாம். "அத மறுத்தவரே அவருதானேய்யா!" என்றார்களாம். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

அவன் நேராகப் பூத்துக்கு வந்து நின்றபோது நானும் இருந்தேன். கோபமாகக்கூடப் பேசவில்லை. "எனக்கு ஒரு தடவ போட்டுக் காட்டுங்கக்கா. நான்தான் தப்பாக் கேட்டேனான்னு தெரியணும்" என்றான். அக்கா புத்தகத்தை விரித்துக்கொண்டு கேசட்டை ஓடவிட்டார். பழைய உரைகளில் இது வழக்கம்: பிறர் கருத்தை 'என்பாரும் உளர்' என்று எடுத்துச் சொல்லி, அடுத்து 'அது பொருந்தாது' என்று மறுப்பார்கள். அச்சில் அப்படித்தான் இருந்தது. ஒலிப்பதிவில் 'என்பாரும் உளர்' வந்தது. அதன் பின் அடுத்த வாக்கியம் வந்துவிட்டது. 'அது பொருந்தாது' இல்லை. பிரபாகர் அந்த இரண்டு சொற்களைத் தாண்டிவிட்டார்.

அக்கா நிமிர்ந்து, "சரியாத்தானே இருக்கு? 'அது பொருந்தாது'ன்னு தெளிவாச் சொல்றாரே" என்றார்.

"சொல்லலக்கா" என்றேன். அவருக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "எனக்கா காது கேக்கல?" என்று திரும்பப் போட்டார். "இதோ, இதோ சொன்னாருல்ல" என்று வரியின்மேல் விரலை வைத்தார். புத்தகத்தை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி மூடினேன். மூன்றாம் முறை போட்டோம். அக்கா சுவரைப் பார்த்தபடி தலையைச் சாய்த்துக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "டேப் ஓடுதா வசந்தா?" என்றார்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிரபாகரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அப்ப இத்தன நாளா என் கண்ணுதான் கேட்டிருக்கு" என்றார் அக்கா. காது மங்கிக்கொண்டே வந்திருக்கிறது; நேரில் பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்தே சமாளித்திருக்கிறார். புத்தகம் எதிரே விரிந்திருந்ததால், படித்ததையெல்லாம் கேட்டதாகவே அவர் நம்பியிருக்கிறார். ஷார்ஜாவில் நர்ஸாக இருக்கும் அவருடைய மகள் ரீட்டா பிறகு என்னிடம் சொன்னாள்: "நான் ஒண்ணு கேட்டா அம்மா வேற ஒண்ணு சொல்லுவாங்க. லைன் சரியில்லன்னே நெனச்சுட்டேன் அத்தை." காதுக்கருவி வாங்கி அனுப்பினாள். அதைப் போட்டால் சந்தை இரைச்சல்தான் கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை என்று அக்கா கழற்றி வைத்துவிட்டார்.

தான் 'சரி' சொன்ன கேசட்டுகள் அத்தனையையும் திரும்பக் கேட்க வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். வெளியே போன பிரதிகளைத் திரும்ப வாங்கச் சொன்னார். உங்களில் சிலருக்கு அது அதிகப்படியாகத் தெரிந்தது. பிரபாகர் அமெரிக்காவிலிருந்து என் செல்லுக்குப் பேசினார். "ரெண்டு வார்த்தைக்காக எல்லாத்தையுமா?" என்றார். அதை நான் ஒரு தாளில் எழுதி அக்காவிடம் காட்டினேன். போனை என் கையிலிருந்து பிடுங்கி, அந்தப் பக்கம் என்ன சொன்னாலும் தனக்குக் கேட்காது என்று தெரிந்தே, "அந்த ரெண்டு வார்த்தைலதான் தம்பி ஒருத்தன் சோறு போச்சு" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிரபாகர் அந்தப் பகுதி முழுவதையும் மறுபடி வாசித்து அனுப்பினார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அந்தக் கேசட்டுகளை யார் உட்கார்ந்து கேட்பது? கதிரேசன் கேட்டான். அவனுடைய வயது வரம்புக்குள் இன்னும் ஒரே ஒரு நேர்காணல்தான் பாக்கி. அதற்குள் அந்த உரையைப் பிழையில்லாமல் முடித்து அவன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அக்காவுக்கு ஒரே குறி. அவன் ஹெட்போனில் ஒரு வாக்கியம் கேட்டு உரக்கச் சொல்வான். அக்கா பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவன் உதட்டைப் பார்ப்பார். என்ன சொன்னான் என்று தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்த பிறகே கையை எடுப்பார். "வாயத் தொறந்து சொல்லேன்டா, வெத்தலயா மெல்லுற?" என்று அவனைத் திட்டுவார். "உங்களுக்குக் காது கேக்கலங்கறதுக்காக நான் ஊருக்கே கத்தணுமா?" என்று அவனும் விடமாட்டான். கேசட்டின் ஒரு பக்கம் முடிய ஒரு மதியம் ஆகும். அக்காவை நான் அவ்வளவு களைப்பாகவும் அவ்வளவு கவனமாகவும் பார்த்ததில்லை.

வெளியே தனியாகப் போகாதீர்கள் என்று நான் சொல்லாத நாள் இல்லை. "ரெண்டு கண்ணு இருக்குல்ல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படிக் கிளம்பிய ஒரு நாள்தான் அது.

உரையில் இரண்டு இயல்கள் மிஞ்சியிருந்தன. நேர்காணலுக்கு முன் நானும் கதிரேசனும் முடிந்தவரை கேட்டோம்; முழுக்க முடியவில்லை. அவன் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். தண்ணீர் கொடுத்தேன். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"என்னடா கேட்டாங்க?"

"இலக்கணத்துல ஒரு கேள்விகூடக் கேக்கலக்கா. கம்ப்யூட்டர் தெரியுமான்னாங்க. கண்ணு தெரியாம பசங்கள எப்படி அடக்குவீங்கன்னாங்க. அவ்வளவுதான். அனுப்பிட்டாங்க."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த மனுஷி காது போன பிறகு கண்ணைக் கொடுத்து உழைத்தது இதற்காகவா என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். நான் ஓய்ந்ததும் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இன்னும் மிச்சம் இருக்கே, எப்ப ஆரம்பிக்கலாம்?" என்றான்.

இப்போது வாரம் ஒருமுறை நான்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவனைக் கூட்டிவருகிறேன். அவன் சொல்ல, நான் சரிபார்க்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய தமிழ் அல்ல. அது எனக்கு வராது. மிஞ்சியது ஒரு பயம். என் காது நன்றாகத்தான் இருக்கிறது, டாக்டரிடமும் காட்டிவிட்டேன். ஆனாலும் கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கப் பிழையே இல்லாமல் கேட்டுவிட்டால் புத்தகத்தை மூடிவிடுகிறேன். "திரும்பப் போடுடா" என்கிறேன்.