சலமன்காவுக்குத் தெற்கே எங்களுக்கு ஒருவருமில்லை

எங்கள் ஆட்களில் யார் எந்த நாட்டுக்குப் பயணம் போவதாகச் சொன்னாலும் மற்றவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: அங்கே ஆர் இருக்கினம்? பாரிஸில் மனைவியின் தம்பி இருக்கிறார். லண்டன் என்றால் எந்த வீட்டில் தங்குவது என்பதிலேயே மனத்தாங்கல் வந்துவிடும். ஸ்பெயினில் சலமன்காவிலிருந்து செவியாவரை தனியாகச் சைக்கிளில் போகப்போகிறேன் என்று மகள் சொன்னபோது நானும் அதைத்தான் கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை. அதுதான் போறன்," என்றாள்.

அவளுக்கு இருபத்துநான்கு வயது. இங்கே, சில்க்போர்க் என்ற டேனிஷ் ஊரில் பிறந்தவள். தாதிப் படிப்பு முடிந்து வேலை தொடங்குவதற்கு இடையில் சில வாரங்கள் கிடைத்திருந்தன. என்னோடு வழக்கமாக டேனிஷில்தான் பேசுவாள். தமிழில் பேசினால் முடிவு எடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் சாப்பாட்டு மேசையில் ஸ்பெயின் விரிந்து கிடந்தது. மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து வந்து, சாப்பாட்டுக் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு, நானும் அவளும் வரைபடத்தின் முன் குனிந்திருப்போம். பெஹார் என்ற ஊருக்குத் தெற்கே ஒரு பழைய ரயில் பாதையைச் சைக்கிளுக்கென்று விட்டிருக்கிறார்கள். ரயில் ஏறக்கூடிய அளவுக்குத்தான் சரிவு, நெஞ்சு வெடிக்காது என்று அவள் விளக்கினாள். அதற்கும் கீழே ஓக் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் மேய்ச்சல் நிலம், மரத்தடியில் கருத்த பன்றிகள். மத்தியானம் பூட்டிய கடை மாலைதான் திறக்கும், ஆனபடியால் காலையிலேயே பாண் வாங்கிவிட வேண்டும். தண்ணீரை நான் பொறுப்பெடுத்தேன். எந்தெந்த ஊரில் தெருக்குழாய் இருக்கிறது, எது குடிக்கக்கூடியது என்று தேடித் தேடிக் குறித்தேன். சந்தேகமானவற்றுக்குக் கேள்விக்குறி போட்டேன்.

அவள் தூங்கப் போன பிறகும் நான் கணினியில் தெருப்படங்களைத் திறந்து அந்தப் பாதையில் போய்க்கொண்டிருப்பேன். ஒரு தட்டுக்குப் பத்து மீட்டர். எப்போதும் ஒரே வெயில். ஓரிடத்தில் கம்பியில் நீல நிற வேலைச்சட்டை காய்கிறது. ஓரிடத்தில் நாய் பாதி எழும்பியபடியே நிற்கிறது. அந்த வெளிச்சத்தில் என் கை, என் கழுத்து இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. ஐம்பத்துநான்கு வயதில் இப்படியொரு ஆசை வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"நீங்களும் வாங்கோவன் அப்பா," என்று ஒருநாள் கேட்டாள்.

"லீவு தரமாட்டினம்," என்றேன்.

நான் லீவு கேட்கவேயில்லை. முதியோர் இல்லத்தில் என் பொறுப்பாளர் கேட்டவுடனே தந்திருப்பார். ஒவ்வொரு ஏற்றத்தின் உச்சியிலும் அவள் ஒரு காலை ஊன்றிக் காத்து நிற்க, நான் கீழே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. அவளும் பிறகு கேட்கவில்லை.

மே மாதம் புறப்பட்டாள். தான் நிற்கும் இடத்தைப் போனில் எனக்கும் தாய்க்கும் காட்டும்படி அவளே செய்து வைத்தாள். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. முதல் மூன்று நாளும் நான் வயோதிபர்களுக்குக் கோப்பி ஊற்றும்போதுகூட சட்டைப்பையில் அந்தப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. அது நிற்கும்போதெல்லாம் என் கையும் நின்றது.

இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் வழக்கமாகச் செய்யும் வேலையை நானும் செய்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மகனைக் கூட்டிவரும் கோயம்புத்தூர்ப் பெண் ஒருவர் இருக்கிறார். காற்றாலை நிறுவனத்தில் பொறியியலாளர். மகளின் பயணத்தைப் பற்றிச் சொல்லி, அந்தப் பக்கம் தமிழர் யாராவது உண்டா என்று கேட்டேன்.

"அட, என் தம்பி அங்கதாண்ணா இருக்கான்! சோலார் பார்க்ல. அவன் பாத்துப்பான், நீங்க கவலைய விடுங்க."

எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி முடியாது. அன்றே தம்பியோடு பேசினேன். நல்ல பிள்ளை. "கவலப்படாதீங்க சார், வீட்டுச் சாப்பாடு குடுத்து அனுப்புறேன்," என்றார். மகளிடம் சொன்னால் வேண்டாம் என்பாள். ஆகவே சொல்லவில்லை. நான்காம் நாள் காலையிலிருந்து நீலப் புள்ளியைப் படம் பிடித்துப் படம் பிடித்து அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் நிற்பாளோ என்று அவர் கேட்டபோது, நாங்கள் வீட்டில் மட்டும் கூப்பிடும் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன்.

பத்தரை மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. நான் ஒரு முதியவரைச் சக்கர நாற்காலியில் லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"சார், மன்னிச்சிருங்க சார். பாப்பா விழுந்துருச்சு."

லிஃப்ட் கதவு மூடியது. போன் அறுந்தது. அதன் பிறகு இருபது நிமிடம் அவரையும் பிடிக்க முடியவில்லை, மகளையும் பிடிக்க முடியவில்லை. நீலப் புள்ளி மட்டும் பாதையை விட்டு விலகி, வீடே இல்லாத வெட்டைவெளியில் நின்றது. அந்த இருபது நிமிடம் இன்னும் எனக்குள் முடியவில்லை. இப்போதும் லிஃப்டுக்குள் ஏறமுன் போனை எடுத்துப் பார்க்கிறேன்.

நடந்தது இதுதான். சரளைக்கல் இறக்கம். இரண்டு பக்கமும் மரங்களைத் தவிர ஒன்றுமில்லை. கீழே ஒரு வெள்ளை வான். அதன் பின்னாலிருந்து ஒருவர் பாய்ந்து வந்து, இரண்டு கையையும் ஆட்டி, அவளுடைய வீட்டுப் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். அவள் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள். சில்லு வழுக்கியது. நாடியில், உதட்டுக்குக் கீழே, நான்கு தையல், மணிக்கட்டில் வீக்கம். அவரே பதறிப்போய் அவளைப் பக்கத்து ஊர் மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

பின்னேரம் அவளே எனக்குப் போன் எடுத்தாள். தமிழில் கதைத்தாள்.

"நீங்களோ அனுப்பினனீங்கள்?"

"ஓம் பிள்ளை. உனக்குச் சாப்பாடு..."

"ஒரு மனிசரும் இல்லாத ரோட்டில, முன்னப்பின்ன தெரியாத ஆம்பிளை ஒராள் என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுது அப்பா. நான் என்னத்தை நினைக்கிறது?"

ஊரில் சண்டை நடந்த, எனக்குப் பதினெட்டு வயதாக இருந்த காலத்தில், அறியாத ஆள் ரோட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இறங்காதே, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடு என்று என் தாய் எனக்குச் சொல்லியிருந்தார். அப்படி நின்றவர்களையும், சைக்கிளைத் திருப்பாமல் இறங்கி, பிறகு வீடு வராமலே போனவர்களையும் எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை மகளுக்குத் தெரியாமல் வளர்த்தோம் என்று பெருமையாக இருந்தேன். கடைசியில் ஸ்பெயினில், பட்டப்பகலில், நானே ஒழுங்குபண்ணி அவளுக்கு அதைக் கொடுத்துவிட்டேன்.

அன்று மாலை நீலப் புள்ளி இல்லாமல் போனது. நிறுத்திவிட்டாள்.

கோயம்புத்தூர்த் தம்பி மூன்று தரம் எடுத்து மன்னிப்புக் கேட்டார். நான் அவரிடம் நான்கு தரம் கேட்டேன். "தையல் போடறப்பக்கூட மூஞ்சி குடுத்துப் பேசல சார். புளிசாதத்த மட்டும் வாங்கி வச்சுக்கிச்சு," என்றார்.

அதைக் கேட்டு மனைவி சிரித்துவிட்டாள். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்சருங்கோ, நீங்கள் இனி அடுத்த பிளேனைப் பிடிச்சுப்போய் அந்த வானுக்குப் பின்னால ஒளிச்சு நிக்காதேங்கோ."

"அவள் இனிமேல் என்னோட கதைப்பாளோ எண்டு சொல்லும்."

"கதைப்பாள். நீங்களாப் போன் எடுக்காட்டிக் கதைப்பாள்."

ஒருநாள் ஓய்வெடுத்துவிட்டு மகள் மறுபடி புறப்பட்டாள் என்பது தாய்க்கு வந்த செய்தியில் தெரிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் தாயின் போனுக்கு ஒரு பெருவிரல் படம் வரும். எனக்கு ஒன்றும் வராது. மனைவி போனை என் பக்கம் திருப்பி, அந்த மஞ்சள் விரலைக் காட்டிவிட்டுத் திருப்பி எடுத்துக்கொள்வாள்.

அவளுக்குப் போன் எடுக்கக்கூடாது என்று என்னை நானே கட்டி வைத்தேன். ஆனால் பாதை எனக்கு மனப்பாடம். காலையில் முதியவர் ஒருவருக்குக் காலுறை மாட்டும்போது, இப்போது அந்தப் பெரிய நீர்த்தேக்கத்து ஓரமாகப் போவாள், அங்கே நிழல் கிடையாது என்று மனதில் ஓடும். மெரிதாவில் ரோமர் கட்டிய பாலத்தில் சைக்கிளை இறங்கி உருட்டுவாளோ, ஏறி ஓடுவாளோ? கேள்விக்குறி போட்ட குழாயில் குடித்துவிடுவாளோ? இதெல்லாம் பயம் மட்டும் அல்ல. அவளுக்குப் பின்னால் நாலு மீட்டர் தள்ளி, அவள் கிளப்பும் தூசியை விழுங்கிக்கொண்டு நான் வந்திருக்கலாம். மெதுவாக. தள்ளிக்கொண்டாவது. அவள் உச்சியில் நின்று சிரித்திருப்பாள், அவ்வளவுதானே. அந்தச் சிரிப்புக்குப் பயந்து வீட்டில் நின்றவன், அவளுக்குக் காவலுக்கு வேறொருவரை அனுப்பினேன்.

அவள் விழுந்து எட்டாம் நாள், கோப்பி இடைவேளையில் இல்லத்துக்குப் பின்னால் ஏரிக்கரை மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. மகள்.

"அப்பா, வேலையோ?"

"கோப்பி நேரம்."

அவள் பக்கம் ஆட்டுமணிகள் கேட்டன.

"நாடி எப்பிடி?"

"தையல் கடிக்குது. எனக்கு இப்ப தாடி வைச்ச ஆள் மாதிரிச் சொறிவு."

"காத்து?"

"இண்டைக்குப் பின்னால இருந்து. சோக்கான காத்து."

எங்கே நிற்கிறாய் என்று கேட்கப்போய், "எங்..." என்றதோடு நிறுத்தினேன். அவளுக்கு அது கேட்டிருக்க வேண்டும். டேனிஷில், மெல்லிய குரலில், "ஸ்லப் அஃப், அப்பா," என்றாள். பதறாதே என்று பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் சொல்வது.

பிறகு தமிழில் சொன்னாள். "பெரிய இறக்கம் ஒண்டு வருது. போனை முன் பையில வைக்கப்போறன். வாங்கோ. ஆனா கதைக்கக்கூடாது, சரியோ?"

"சரி."

பையின் சிப் பாதி இழுபட்டது. சரளைக்கல் நொறுங்கியது. மணிகள் பின்னுக்குப் போயின. பிறகு மிதிப்பதை நிறுத்தினாள் போலும், பின்சில்லு கிறுகிறுவென்று சுழலும் சத்தம் வந்தது, அதற்கு மேல் காற்று. அவள் ஏதோ கத்தினாள், சொல் அல்ல, வெறும் சத்தம்.

மெரிதாவுக்குக் கீழே அப்படிப்பட்ட இறக்கங்கள் மூன்று இருக்கின்றன. எனக்குத் தெரியும், குளிர்காலத்தில் எண்ணியிருக்கிறேன். இது எது என்று பார்க்க வேண்டுமானால் போனைக் காதிலிருந்து எடுத்து வரைபடத்தைத் திறக்கவேண்டும். எடுக்கவில்லை. காற்று வேகம் கூடியது. உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் இன்னொரு கையால் மற்றக் காதையும் பொத்திக்கொண்டேன்.