காலை ஆறு மணிக் குரல்

போர் முடிந்து, இந்தியாவில் இருந்த அகதி முகாமிலிருந்து நாங்கள் மன்னாருக்குத் திரும்பிய அடுத்த வருடம் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. கென்யாவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு மொழிபெயர்க்க வேண்டும். அவர் தன் நாட்டுச் சிறு விவசாயிகளுக்குக் கைத்தொலைபேசியில் பயிர் ஆலோசனை சொல்லும் நிறுவனமொன்றைத் தொடங்கி நடத்தியவர். அதையே கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கும் எங்கள் ஆட்களுக்கும் செய்து பார்க்க வந்திருந்தார்.

காலை ஆறு மணிக்குக் கணினி நாற்பது விவசாயிகளுக்கும் அழைப்பு எடுக்கும். பதிவு செய்த குரல் ஒரு நிமிடம் பேசும். அந்தக் குரல் என்னுடையது.

முதல் வாரமே ஒரு விவசாயி நாங்கள் வேலை செய்த கந்தோருக்கு வந்து மனவருத்தப்பட்டார். "வாய்க்கால் உடைஞ்சதை நான் சொல்லச் சொல்ல, நீங்கள் உங்கட பாட்டுக்குக் கதைச்சுப்போட்டுப் போனை வைச்சிட்டியள், பிள்ளை."

மறுநாள் அவருடைய மனைவி வந்தார். கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை; நின்றபடியே கேட்டார்.

"நீர்தானோ ஒவ்வொரு நாளும் விடியக்காலமை என்ர மனுசனோட கதைக்கிறனீர்?"

"அது மெசின் அக்கா."

"மெசின் 'நாளைக்கும் கதைப்பம்' எண்டு சொல்லுமோ?"

சொல்லத்தான் செய்தது. அன்பாக முடியட்டும் என்று நானே சேர்த்த வரி அது. கென்யப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிவை ஓடவிட்டார். விதைத்து மூன்றாம் வாரத்தில் களை பிடுங்குவது பற்றிய செய்தி அது. அக்கா கடைசி வரைக்கும் கவனமாகக் கேட்டார்.

"இதை ஏன் அந்தாளுக்குச் சொல்றியள்? களை பிடுங்கிறது நான்."

அதை மொழிபெயர்த்ததும் கென்யப் பெண்ணின் முகத்திலிருந்து சிரிப்புப் போய்விட்டது. தங்கள் வீட்டிலும் சோளத்தோட்டம் முழுக்க அம்மாவின் கையில்தான் இருந்தது, விவசாயப் பயிற்சிக்குப் போய்வந்தது மட்டும் அப்பா என்றார். அன்று பின்னேரமே பட்டியலை எடுத்து, மனைவிமாரின் தொலைபேசி இலக்கங்களையும் சேர்க்கச் சொன்னார். செய்தி முடிந்ததும் ஒன்றாம் இலக்கத்தை அழுத்தினால் விவசாயிகள் தங்கள் கேள்வியைப் பதிவு செய்யவும் வழி செய்தார்.

முதல் கேள்வி அந்த அக்காவிடமிருந்தே வந்தது. "பிள்ளை, உமக்குக் கலியாணம் முடிஞ்சுதோ? என்ர தமையன்ர மகன் முசலியில கடை வைச்சிருக்கிறான்."

எல்லாக் கேள்விக்கும் பதில் போக வேண்டும் என்பது கென்யப் பெண்ணின் சட்டம். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் மரியாதையாகப் பதிவு செய்தேன்: "உங்கள் அன்புக்கு நன்றி. இப்போதைக்குக் கலியாணம் செய்யும் எண்ணம் எனக்கு இல்லை." பிறகு அதை அக்காவின் இலக்கத்துக்கு மட்டும் அனுப்புவதற்குப் பதிலாக முழுப் பட்டியலுக்கும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அத்தனை வீடுகளும் அதைக் கேட்டன.

அன்று வந்ததுபோல் அதற்குமுன் ஒருநாளும் பதில்கள் வந்ததில்லை. ஒருவர் ஆறுதல் சொன்னார். ஒருவர் அவசரப்பட வேண்டாம் என்றார். நான் கேட்கவே கேட்காத அந்தச் சம்பந்தத்துக்குத் தனக்கும் விருப்பமில்லை என்றார் ஒரு கிழவர். ஒன்றையும் விடாமல் மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டு, கென்யப் பெண் கன்னத்தில் கைவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது.

கடைசியாக அக்காவின் குரல். "அது உம்மட விருப்பம், பிள்ளை. நான் கோவிக்கேல்ல. அது கிடக்க, எங்கட வயலில நெல்லடியில சின்னச் சின்னப் பூச்சி மொய்க்குது. தட்டினால் தத்துது."

கென்யப் பெண் எழுந்துவிட்டார். விவசாய அலுவலரையும் கூட்டிக்கொண்டு நேரே அந்த வயலுக்குப் போனோம். நெல்லை எரித்ததுபோல் காய வைத்துவிடும் தத்திப்பூச்சிதான் அது. பின்னேரமே, வழக்கமில்லாத நேரத்தில், வயல் தண்ணீரை வடித்துவிடச் சொல்லி எல்லோருக்கும் அழைப்பு எடுத்தோம். இரண்டு வயல்கள் மஞ்சளாகிப் போயின. மற்றவை தப்பின.

அறுவடை முடிந்ததும் கென்யப் பெண் அறிக்கை எழுதினார். அந்தப் பூச்சித் தகவல் எப்படிக் கிடைத்தது என்பதை மட்டும் விட்டுவிடும்படி கேட்டேன். யோசிப்பதாகச் சொன்னார். பிறகு முழுக்கதையையும் எழுதிவிட்டுத்தான் நாட்டுக்குப் போனார்.