கோயில் விளக்கின் எண்ணெயும் என் மகளின் கண்களும்

விளக்கு வைக்கும் நேரத்துக்கு நான் பயந்த காலம் ஒன்று உண்டு. மற்ற வீடுகளில் அது நல்ல நேரம். அடுப்புப் புகையும், பிள்ளைகளைக் கூப்பிடும் சத்தமும், செபமாலை முணுமுணுப்புமாகத் தெருவே நிறைந்திருக்கும். என் வீட்டில் மட்டும் அந்த நேரத்தில் என் மகள் செசீலி சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாள்.

விசுவாசிகளே, என் பெயர் ஆரோக்கியமேரி. ரெட்டியார்பாளையத்தில் குடியிருக்கிறேன். விடிவதற்குள் தோட்டங்களில் கீரை வாங்கி, கூடையில் சுமந்துபோய்ப் பெரிய மார்க்கெட்டில் விற்கிறவள். வீட்டுக்காரர் சவரிமுத்து மில்லில் நூல் ஓட்டுகிறார். எங்களுக்கு ஆண்டவர் கொடுத்தது ஒரே பிள்ளை. நான் ஓர் இடத்தில் நிலையாய் இருக்கிற பிறவி இல்லை. முழந்தாளில் நிற்கும்போதுகூட மனசு மார்க்கெட்டில் முளைக்கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவளுக்கும் ஆண்டவர் இரங்கினார் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முப்பத்து நாலாம் வருஷம் கோடையில் செசீலிக்கு மணல்வாரி அம்மை போட்டது. உடம்பெல்லாம் சிவந்து, காய்ச்சலில் பிதற்றினாள். பிழைத்து எழுந்ததே பெரிய காரியம். தெருப் பெண்கள் எல்லாரும் ஒரே குரலாகச் சொன்னார்கள்: "மீனு, முட்டை, கீரை எதுவும் குடுத்துடாத ஆரோக்கியம். பேதி கண்டா புள்ள தாங்காது." நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லையே. வெறும் கஞ்சியும் உப்பும்தான் கொடுத்தேன். அம்மை இறங்கி வெகுநாள் ஆன பிறகும் பயத்தில் அந்தப் பத்தியத்தை விடவில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது ஒரு சாயங்காலம். வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தின்மேல் நேராக நடந்துபோய் விழுந்தாள்.

"கண்ணு எங்கடி வச்சிருக்க?" என்று கத்தினேன்.

"இருட்டிப்போச்சும்மா" என்றாள்.

வானத்தைப் பார்த்தேன். மேற்கே இன்னும் சிவப்பு இருந்தது. எதிர்வீட்டுக் கூரையில் கோழி ஏறுவதுகூட எனக்குத் தெரிந்தது.

மாலைக்கண் என்றார்கள். கொஞ்ச நாளில் அவள் கண்ணின் வெள்ளையில் சோப்பு நுரை ஒட்டினாற்போல் ஒரு புள்ளி வந்தது. தாய்ப்பால் விட்டேன். நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மார்க்கெட்டில் எனக்கு எதிரே, கம்பைத் தட்டிக்கொண்டு வரும் ஒருவர் உண்டு. அவருக்கும் சின்ன வயசில் அம்மை வந்துதான் பார்வை போயிற்று என்று ஒருத்தி சொன்னாள். அதற்குப் பிறகு அந்தக் கம்புச் சத்தம் கேட்டால் எனக்குக் கீரைக் கட்டு எண்ண வராது. கம்பைப் பிடித்திருக்கும் கை என் மகளுடைய கையாகத் தெரியும்.

கண்ணுக்குப் பாதுகாவலி அர்ச்சிஷ்ட லூசியம்மாளுக்கு நவநாள் வைத்தேன். தினமும் சாயங்காலம் செசீலியைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். நற்கருணை வைத்திருக்கிற சக்கிறாரிக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடிக்குள் எரிகிற விளக்கு உங்களுக்குத் தெரியும். அந்த விளக்கின் எண்ணெயை நோயாளிக்குத் தடவுவது எங்கள் பக்கத்து வழக்கம். விளக்கைப் பார்த்துக்கொள்கிற கோயிற்பிள்ளையைக் கெஞ்சிக் கேட்டு, ஒரு சொட்டு வாங்கி, அவள் இமைமேல் தடவுவேன். தடவின கையோடு, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கேட்பேன். ஆண்டவருக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காமல் கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒருநாள் அவள் பீடத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி என்னைக் கேட்டாள்:

"அம்மா, கோயில் விளக்கு அணைஞ்சிபோச்சா?"

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். இத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகளை விட்டுவிட்டு என் பிள்ளையின் கண்தானா கிடைத்தது என்று சர்வேசுரனோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மனசில்லாமல்தான் போனேன். எங்கள் சாமியார் பிரெஞ்சு தேசத்தவர். தமிழைப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே பேசுவார். அன்றைக்கு அவர் மோயீசன் காலத்து இஸ்ராயேல் சனங்களின் கூடாரக் கோயிலைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். அந்தக் கூடாரத்துக்குச் சன்னல் கிடையாதாம். உள்ளே பொன்னால் செய்த ஒரு விளக்குத்தண்டு, அதில் ஏழு அகல். ஒலிவக் காயை இடித்து எடுத்த சுத்தமான எண்ணெயைச் சனங்களே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பொழுது சாயும்போது குரு வந்து விளக்கை ஏற்றுவார். காலையில் வந்து திரியைச் சரிசெய்வார். ஆண்டவருக்கு இருட்டில் கண் தெரியாது என்பதற்காக அல்ல. அவர் வீட்டில் இருக்கிறார் என்று சனங்களுக்குத் தெரிவதற்காக அந்த வெளிச்சம் என்றார்.

பிறகு எருசலேமில் கல்லால் கட்டின கோயில் வந்தது. அதன் முற்றத்தில் பெரிய பெரிய விளக்குகள் ஏற்றுகிற ஒரு திருநாள் உண்டாம். அந்தத் திருநாளையொட்டித்தான் சேசுநாதர் சுவாமி, உலகத்துக்கு ஒளி நாமே என்று சொன்னார் என்று விளக்கினார். அந்தப் பழைய விளக்கெல்லாம் அவரைக் காட்டுகிற நிழல். நம் சக்கிறாரி விளக்கு அவர் இங்கே இருக்கிறார் என்பதற்கு அடையாளம். அங்கே ஒலிவ எண்ணெய், நமக்குத் தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சிரித்தார்.

இதெல்லாம் பின்னால் யோசித்தபோது ஞாபகம் வந்தவை. அன்றைக்கு என் காதில் விழுந்தது ஒரே பேச்சுதான். "பொன்னால் செய்ததாயினும் தண்டு தானாக எரியாது. எண்ணெய் அதன் உள்ளே இருக்க வேண்டும்" என்றார். ஆத்துமத்துக்குள் தேவ அருள் வேண்டும் என்பது அவர் சொன்ன அர்த்தம். எனக்கோ பொறி தட்டியது. இத்தனை நாளும் எண்ணெயை மேலே தடவினேனே, உள்ளே ஊற்றவில்லையே!

பூசை முடிந்ததும் கோயிற்பிள்ளையிடம் ஓடினேன். விளக்குக் கண்ணாடியின் அடியில் கிடந்த எண்ணெயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பால் புகட்டுகிற பாலாடை நிறைய ஊற்றி, செசீலியின் மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தேன். புகைக் கரியும் சிக்கும் கலந்த எண்ணெய். சேசுவே என்று சொல்லிக்கொண்டுதான் கொடுத்தேன்.

குடித்த கொஞ்ச நேரத்தில் வாந்தி. நிற்கவே இல்லை. கண் செருகிப்போய்த் துவண்டாள். வீட்டுக்காரர் வந்து பார்த்துப் பதறினார்.

"என்னத்த குடுத்த?"

"கோயில் எண்ணெய்ங்க..."

"உனக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு? தடவுறதுக்குக் குடுத்தா, குடிக்கவா வச்ச?"

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். பட்டணத்தில் கன்னியர் மடத்தை ஒட்டி ஒரு மருந்துக்கூடம் இருந்தது. கண்ணுக்காக அங்கே போக வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அம்மை சம்பந்தப்பட்டதற்கு ஆஸ்பத்திரி மருந்து ஆகாது என்று எங்கள் தெருவே நம்பியது, நானும் நம்பினேன்.

மருந்து கொடுக்கிற கன்னியாஸ்திரி அம்மாள் நம் ஊர்ப்பக்கத்துத் தமிழ்ப் பெண்தான். பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். காத்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. செசீலியின் இமையைத் தூக்கி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள்.

"சாயங்காலத்துல தட்டுத் தடுமாறுறாளா?"

நான் வாந்தியைத் தவிர ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"வயித்துக்கு ஒண்ணுமில்ல, எண்ணெ சேரல, அவ்வளவுதான். ஆனா இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா கருவிழியே கரைஞ்சிருக்கும்மா. மீனெண்ணெ தரேன். தெனம் உள்ளுக்குக் குடுங்க. மீனு குடுங்க, கீரை குடுங்க."

எண்ணெய். உள்ளுக்கு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"கீரை கெடைக்குமில்ல?" என்று கேட்டார்கள்.

"நான் கீரைக்காரிங்கம்மா" என்றேன்.

அவர்கள் என்னைத் திட்டவில்லை. மருந்துப் புட்டியை என் கையில் வைத்துக் கையை மூடிவிட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் என் கூடைக் கீரையைத் தின்று வளர, என் பிள்ளைக்குத் தண்ணீர்க் கஞ்சி ஊற்றியிருக்கிறேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். ஆனாலும் அன்றைக்கு வீடு திரும்பும் வரைக்கும் வாய் திறந்து ஒரு மங்கள வார்த்தை செபம்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் மீனெண்ணெய். நாற்றம் தாங்காமல் அவள் ஓடுவாள், நான் துரத்துவேன். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, சுறாப் புட்டு. பொழுது சாய்ந்தால் எனக்குப் பழைய வேலைதான், பரீட்சை வைப்பது. "அங்க நிக்கிறது ஆடா, கன்னுக்குட்டியா?" என்று கேட்டேன். அங்கே ஒன்றுமே நிற்கவில்லை. "கன்னுக்குட்டி" என்றாள். எனக்காகப் பொய் சொல்கிறாள் என்று தெரிந்ததும் நெஞ்சு வெடித்துவிட்டது. அன்றோடு கேட்பதை விட்டேன். மருந்து கொடுப்பது என் வேலை, கண் கொடுப்பது உம்முடைய வேலை என்று ஆண்டவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, மனசு அடங்கவா செய்தது? மில் சங்கு ஊதினாலும் துள்ளிக்கொண்டுதான் கிடந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலம். அர்ச். லூசியம்மாள் திருநாள் நெருங்கியிருந்த ஒரு சாயங்காலம். மழை விட்டிருந்தது. கோயிலில் இன்னும் வேறு விளக்கு ஏற்றவில்லை. நானும் செசீலியும் பின்வரிசையில் முழந்தாளிட்டிருந்தோம். நான் வழக்கம்போல எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, திரி கருகிப்போயிருக்கு. வெளக்கு ஆடுது பாரு. கோயிற்பிள்ளகிட்ட சொல்லு."

நான் பார்த்தேன். ஆமாம், சுடர் குதித்துக்கொண்டிருந்தது. அவள் சொல்லாவிட்டால் நான் கவனித்திருக்கமாட்டேன்.

கோயில் என்ற மரியாதைகூட இல்லாமல் கத்தினேன். கோயிற்பிள்ளை பயந்துபோய் ஓடிவந்தார். "திரி கருகியிருக்குதாம்! எம்பொண்ணு சொல்றா! எம்பொண்ணு பார்த்துச் சொல்றா!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கரியைக் கிள்ளி எறிந்து திரியைத் தூண்டிவிட்டார். விளக்கு நின்று எரிந்தது.

நடந்ததெல்லாம் சாமியாரிடம் சொன்னேன், எண்ணெய் குடிக்க வைத்தது உட்பட. அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும் மட்டும் சிரித்தார். பிறகு, "என் பிரசங்கத்தை நீ தவறாகப் புரிந்துகொண்டாய், மகளே. ஆனால் உன் மன்றாட்டை ஆண்டவர் சரியாகவே புரிந்துகொண்டார்" என்றார்.

யோசித்துப் பார்க்கிறேன். நான் அந்த எண்ணெயைக் கொடுக்காவிட்டால் வாந்தி இல்லை. வாந்தி இல்லாவிட்டால் மருந்துக்கூடத்து வாசலை மிதித்திருக்கமாட்டேன். என் மடத்தனத்தையே வழியாக்கி என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரை நான் எப்படித் துதிப்பேன்? இன்றும் நான் நிலையாய் இருக்கிறவள் இல்லை. ஆனால் மார்க்கெட்டுக்குப் போகும் கூடையில் முதல் கட்டு என் வீட்டுக்கு. எந்த வீட்டில் அம்மை கண்டாலும், இறங்கினதும் போய் நிற்கிறேன், கீரையோடு. "மருந்துக்கூடத்துக்குத் தூக்கிக்கினு போ, நான் கூட வரேன்" என்கிறேன். அந்தப் பழைய சனங்களைப் போல நானும் கோயில் விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

என்னைப் போலக் கலங்கிக் கிடக்கிறவர்களே, ஒரு சாயங்காலம் கோயிலுக்கு வாருங்கள். செபம் ஒழுங்காக வராவிட்டாலும் வாருங்கள். சண்டை போடவாவது வாருங்கள். அந்த விளக்கு எரிகிறது, அவர் வீட்டில் இருக்கிறார். நீங்கள் வந்தால் எங்களைப் பார்க்கலாம். பூசைத் தீர்த்தம் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, இருட்டத் தொடங்கின வீதியில் நாங்கள் வீட்டுக்குத் திரும்புவோம். முன்பு நான் அவள் கையைப் பிடித்து நடத்தின அதே வீதி. இப்போது அவள் எனக்கு முன்னால் ஓடுகிறாள். "அம்மா, பள்ளம் இருக்கு, பாத்து வா" என்கிறாள்.