பொறுப்பான வில்லனும் முறம் பிடித்த கதாநாயகியும்

நல்ல படத்தைத் தனியாக உட்கார்ந்து பார்க்கலாம். மோசமான படத்துக்குத் துணை வேண்டும். படுமோசமான படம் என்றால் ஐம்பது பேராவது வேண்டும். ஸ்கூடாயில் படிக்க வந்த முதல் பருவத்தில் நான் கற்றுக்கொண்டது இதைத்தான். பாடத்தில் என்ன கற்றாய் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் இருந்தது. பருவத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும், ஒரு வாழையிலைக் கடையின் மேல்மாடியில் கூடுவார்கள். சுவரில் வெள்ளை மேசைத்துணியை ஒட்டி அதில் படம் போடுவார்கள். எப்போதும் ஒரே படம். பாலோ என்ற சிற்றூர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எடுத்த உள்ளூர்ப் படம். திரையரங்கைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. விசிடியாகப் போட்டு பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் சட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்து விற்றார்களாம். அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. முறத்துப் படம் என்றால்தான் தெரியும்.

இதையெல்லாம் முன்னின்று நடத்தியவர் கடைசி ஆண்டு படித்த ஓர் அக்கா. பொறியியல் படிப்பு, இடிக்குரல், எதற்கும் அசராத ஆள். படிக்கட்டிலேயே என்னை மறித்தார்.

"முறம் கொண்டு வந்தியா?"

"இல்லக்கா."

"குடை?"

"மழை இல்லயேக்கா."

"அலமாக், இவள யாரு கூட்டிட்டு வந்தா? இந்தா, தலகாணிய பிடி. நான் கைய தூக்குனா நீ வயித்துக்கு நேரா தூக்கணும். ஏன்னு கேக்காத, உனக்கே தெரியும் லா."

உள்ளே நுழைந்தால் சிரிப்பாக இருந்தது. ஒருவர் கையில் முறம், ஒருவர் கையில் குடை, இன்னொருவர் மடியில் ஐந்து கிலோ அரிசிப் பை. சண்டைக்கு வந்தவர்களா சமைக்க வந்தவர்களா என்று சொல்ல முடியாது.

கதை சின்னது. தோட்டத்து ஏழைப் பெண் ஒருத்தியை லாரி ஓட்டும் கதாநாயகன் காதலிக்கிறான். பணக்கார வில்லன் அவளைக் கடத்துகிறான். கதாநாயகன் மீட்கிறான். இதில் கெடுத்துவைக்க என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நிறைய இருந்தது. இயக்குநர் கல்யாண வீடியோ எடுப்பவர். கைவசம் இருந்த கல்யாண வித்தைகள் ஒன்றையும் அவர் வீணாக்கவில்லை. கதாநாயகியின் அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டு சாகிறார். அவர் முகம் இதயவடிவமாகச் சுருங்கி, ரோஜாவுக்குள் போய், இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. பின்னால் புறாக்கள் பறக்கின்றன. மேல்மாடி அதிர்ந்தது. நான் சிரித்ததில் தலையணை கை நழுவிப் போய்விட்டது.

ஆனால் படத்தின் உயிர் அதுவல்ல. நடித்தவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் படம் பிடித்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் இழுத்திருக்கிறது. அதற்கிடையில் கதாநாயகி நிஜமாகவே கர்ப்பமாகிவிட்டார். பாதிப் படம் எடுத்தாயிற்று, ஆளை மாற்ற முடியாது. அதனால் அவர் கையில் எதையாவது கொடுத்து வயிற்றை மறைத்திருக்கிறார்கள். முதலில் முறம். பிறகு விரித்த குடை. பிறகு பூசணிக்காய், அண்டா. காட்சிகளை முன்பின்னாக எடுத்ததால் கொடி மாதிரி வீட்டுக்குள் போகும் பெண், கதவு திறந்து வெளியே வரும்போது அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வருவார். காதல் பாட்டு முழுக்க ஒரு செம்பனை மரத்துக்குப் பின்னால் நிற்கிறார். கைகள் மட்டும் இரு பக்கமும் ஆடுகின்றன. ஒவ்வொன்று வரும்போதும் அக்கா கையைத் தூக்க, நாங்கள் எல்லாரும் எங்கள் கையிலிருந்ததை வயிற்றுக்கு நேரே தூக்கிக் கூச்சல் போட்டோம்.

கூடவே அந்தக் குரல். கதாநாயகி வாயைத் திறந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிற கீச்சுக் குரல் ஒன்று வரும். யாரோ ஓர் ஆண்தான் பெண் குரலில் பேசுகிறார் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவர் சொல்லும் வசனங்கள் அத்தனையும் அங்கே எல்லாருக்கும் மனப்பாடம். அதே கீச்சுக் குரலில் மொத்தக் கூட்டமும் கூடவே சொல்லும்.

பாதிப் படத்தில்தான் வில்லன் வந்தார். சிறுத்தைப் புள்ளிச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. கதாநாயகியைக் கையைப் பிடித்து இழுத்து ஒரு கொட்டகைக்குக் கடத்துகிறார். வழியில் ஒரு வாய்க்கால், அதன்மேல் ஒற்றைப் பலகை. அங்கே வந்ததும் வில்லன் நின்று, கதாநாயகியின் முழங்கையைத் தாங்கி, "பாத்து, பாத்து" என்கிறார். பிறகு அந்தப் பக்கம் போய் மறுபடி இழுக்கிறார்.

"உலகத்துலயே பொறுப்பான வில்லன்" என்று மேல்மாடி முழுக்கக் கத்தியது.

நான் கத்தவில்லை. எங்கள் ஊர் பத்து பாகாட்டில் நான் பேருந்து ஏறும் ஒவ்வொரு முறையும் அதே குரலில், அதே இரண்டு வார்த்தையைச் சொல்பவர் என் அப்பா.

அதற்கப்புறம்தான் கதாநாயகியின் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அம்மா. முக்கால் மணி நேரமாக அம்மாவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். குரல் வேறாக இருந்தால் பெற்றவளைக்கூட அடையாளம் தெரியாது போலிருக்கிறது. முறத்துக்கும் குடைக்கும் அண்டாவுக்கும் பின்னால் இருந்தது நான்தான் என்பது புரிய இன்னும் ஒரு நிமிடம் ஆனது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறப்பதற்கு முன்னாலேயே சினிமாவில் நடித்தவள் என்று எத்தனை பேர் சொல்லிக்கொள்ள முடியும்? எழுந்து நின்று, "அது எங்க அம்மா, அது எங்க அப்பா, வயித்துல நான்" என்று சொல்லிவிட்டேன். அக்கா படத்தை நிறுத்தினார். அவர் எதையாவது நிறுத்தி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். "அம்மா, நீங்க நடிச்ச படத்த இங்க எல்லாரும் பாக்குறாங்க."

மறுமுனையில் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது. "சிரிக்கிறாங்களா?" என்றார். "கொஞ்சம்" என்றேன். வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை பத்து பாகாட்டுக்கு ஓடினேன். அப்பா துணித் தொழிற்சாலையில் காலை வேலை முடித்து வந்திருந்தார். அம்மா கோழியை வெட்டிக்கொண்டே என் முகத்தைப் பாராமல் பேசினார்.

பாலோவில் இருந்தபோது, கோயில் திருவிழா என்றால் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்வது அம்மாதானாம். அந்தக் குரலைக் கேட்டுத்தான் இயக்குநர் வீடு தேடி வந்திருக்கிறார். "மூஞ்சி எப்படி இருந்தாலும் பரவால்ல, இந்தக் குரல் வேணும்னு சொன்னாரு." அப்பாவும் கூடப் போய், உயரமாக இருந்ததால் வில்லனாகிவிட்டார். அம்மா வசனம் அத்தனையும் ஒரு வருடம் படித்திருக்கிறார். படப்பிடிப்பு இடத்தில் பேசியது சரியாகப் பதியவில்லை, பிறகு தனியாகக் குரல் கொடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். குரல் கொடுக்கும் நாள் வந்தபோது நான் பிறந்துவிட்டேன். அம்மா பத்தியத்தில் இருந்தார். வீட்டைவிட்டு வெளியே விடவில்லை. இயக்குநர் காத்திருக்கவில்லை, அம்மாவின் குரலை அவரே பேசிவிட்டார். படத்தில் வரும் ஆட்டின் குரலும் அவருடையதுதான்.

"வயித்தப் பாத்து சிரிக்கட்டும், அதுக்கு நானே சிரிப்பேன்" என்றார் அம்மா. "ஆனா நான் கடைக்குப் போனா அந்தக் குரல்ல கூப்புடுவாங்க. பஸ்ல ஏறுனா அந்தக் குரல். பாலோவுல எனக்கு அதுதான் குரல்னே ஆயிப்போச்சு. திருவிழாவுல மைக்க பிடிச்சா, நான் பேசறதுக்கு முன்னாலயே சிரிப்பாங்க. அதோட மைக்க தொடல."

அப்பாவின் வேலைக்காக ஊர் மாறினோம் என்றுதான் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வேல ரெண்டாவது காரணம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இயக்குநர் மேல் பாதி, அந்தக் கீச்சுக் குரலுக்கு முக்கால் மணி நேரம் சந்தோஷமாகச் சிரித்த என் மேல் பாதி. ஆனால் கோபத்தைவிட ஆசை பெரிது. "வசனம் ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டேன்.

அம்மா கத்தியை வைத்தார். கோழி கையோடு நிமிர்ந்து, "ஒரு பெண்ணோட கண்ணீர் கடல விட உப்பு. அதுல நீ நீந்த முடியாது. முழுகத்தான் முடியும்" என்றார். படுமட்டமான வசனம். எனக்குப் புல்லரித்துவிட்டது. அவ்வளவு ஆழமான குரல். தினமும் "சாப்பிட்டியா" என்று கேட்டுக் கேட்டு நான் கவனிக்காமல் விட்ட குரல்.

"சத்தத்த மூடிட்டு நீங்க பேசுங்கம்மா. அங்க வந்து, எல்லாரு முன்னாலயும்."

முடியாது என்றார். நூறு தடவை முடியாது என்றார். ஆனால் அடுத்த முறை நான் வீட்டுக்குப் போனபோது, துணி காயப்போட்டுக்கொண்டே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஸ்கூடாய் அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "அந்தக் குரலுக்காகத்தான் வர்றாங்க. அத எடுத்துட்டா இது வெறும் மோசமான படம் லா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மோசமான படத்தைக் கொண்டாடுகிறவர்களுக்கு அதன் ஒவ்வொரு பிழையும் வேண்டும். ஒன்றைத் திருத்தினாலும் திருடியது மாதிரி. என் பயம் வேறு. இத்தனை வருடம் சிரித்ததெல்லாம் வேறு ஒருவர் குரலைக் கேட்டு. இனி சிரித்தால் அது அம்மாவையே பார்த்துச் சிரிப்பது. அதற்கப்புறம் அவருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. இரண்டு நாள் வாதாடினேன். கடைசியில் அக்கா, "சரி, பத்து நிமிசம். பசங்க உட்காரலன்னா சத்தத்த தொறந்துருவேன்" என்றார்.

அடுத்த பருவத்து ஞாயிற்றுக்கிழமை வந்தது. படிக்கட்டு வரைக்கும் கூட்டம். அம்மா பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார், கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி. அப்பா கடைசி வரிசையில் சுவரோடு நின்றுகொண்டார். அம்மா துணித்திரைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்தார். 

முதல் வசனம் தாமதமாகிவிட்டது. திரையில் வாய் மூடிய பிறகுதான் அம்மாவின் குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஒரு பையன் வழக்கம்போல் கீச்சுக் குரலில் சொன்னான். அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். அக்காவின் கை சத்தப் பொத்தானுக்குப் போனது. 

அம்மா அந்தப் பையன் இருந்த பக்கம் பார்த்தார். "தம்பி, அந்தக் குரல் எனக்கும் வரும். ஆனா இன்னிக்கு என்னோடது" என்றார். மைக்கில், பாலோத் திருவிழாக் குரலில். காணாமல் போன பிள்ளையின் பெற்றோர் உடனே மேடைக்கு வரவும் என்று சொல்கிற குரல். பையன் கையைக் கட்டிக்கொண்டான்.

அதன்பிறகு வண்டி ஓடத் தொடங்கியது. முறம் வந்தபோது ஐம்பது முறம் எழுந்தது. அம்மா வசனத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். ரோஜாவுக்குள் கதாநாயகியின் அப்பா முகம் சுற்றியபோது எல்லாரும் கூடவே சுற்றினோம். பலகைக்காட்சி வந்ததும் யாரோ கடைசி வரிசையில் வில்லனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்பாவைப் பிடித்து முன்னால் தள்ள, அவர் வெட்கத்தில் காது சிவந்து "பாத்து, பாத்து" என்று சொல்லிவிட்டு ஓடினார். கைத்தட்டலில் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மேலே வந்துவிட்டார்கள். பத்து நிமிடம் எப்போதோ தாண்டிப் போயிருந்தது. அக்கா பொத்தானை மறந்து முறத்தை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் கொட்டகைக் காட்சி. கதாநாயகியை நாற்காலியில் கட்டிப்போட்டு, மடியில் ஒரு அரிசி மூட்டையை வைத்திருக்கிறார்கள். கட்டிப்போட்ட பெண்ணுக்கு எதற்கு அரிசி மூட்டை என்று படத்தில் யாரும் கேட்பதில்லை. அங்கேதான் நீளமான வசனம். அம்மா ஆரம்பித்தார். சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. யாரும் அடக்கவில்லை, தானாகவே நின்றது. வசனம் மாறவில்லை, அதே அசட்டு வசனம்தான். ஆனால் முதல் முறையாக ஒரு பெண் அதைப் பேசினார்.

"ஒரு பெண்ணோட கண்ணீர் கடல விட உப்பு" என்றார் அம்மா. நிறுத்தினார். திரையில் வாய் அசைந்துகொண்டே போனது. அம்மாவின் உதடு அசையவில்லை. மறந்துவிட்டார்.

நான் எழுந்திருப்பதற்குள் கூட்டம் சொல்லியது: "அதுல நீ நீந்த முடியாது." நூறு பேர், அவரவர் சொந்தக் குரலில், மெதுவாக, பள்ளி மேடையில் வரி மறந்து நிற்கும் தங்கைக்கு அடியெடுத்துக் கொடுப்பதுபோல. ஒருவர்கூடக் கீச்சிடவில்லை. அடுத்த வரியையும் தொடங்கினார்கள்.

அம்மா கையை உயர்த்தினார். "இருங்க" என்றார். "நான் சொல்றேன்."

எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். திரையில் படம் முன்னாலேயே போய்விட்டது. கதாநாயகன் வந்து கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அம்மா அவனைப் பொருட்படுத்தவில்லை. மூச்சை இழுத்து, மைக்கைக் கிட்டே கொண்டுவந்து, கடைசி வரியைச் சொன்னார்.