குளவிக்கு வைத்த இரை

எண்ணூர் ஆற்றில் எண்ணெய் பரவி வலை கறுத்துப்போன பிறகு என் வீட்டுக்காரர் படகில் ஏறவில்லை. பகலெல்லாம் பாயில் கிடப்பார். சோறு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்கமாட்டார். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அவரை மறுபடி மனுஷனாக நடமாட வைத்தது, தொழில் போன மீனவர்களுக்கு உதவ வந்த ஒரு சங்கத்துக்காரர்கள் கொடுத்த தேனீப் பெட்டி.

வீட்டுக்குப் பின்னால் முருங்கையடியில் அதை வைத்தார். விடிந்ததும் பல்கூட விளக்காமல் அங்கே போய்க் குந்திவிடுவார். காலில் பூவின் மஞ்சள் மாவோடு தேனீக்கள் வந்து இறங்குவதைப் பார்த்து, "வேலைக்குப் போய்ட்டு வர்றாங்கோ பாரு" என்பார். எனக்கு வயிறு குளிர்ந்துபோகும்.

அப்புறம்தான் அந்தக் குளவிகள் வந்தன. பெருவிரல் பருமன், வயிற்றில் மஞ்சள் பட்டை. எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை. துறைமுகத்தில் இறங்கிய மரத்தோடு வந்திருக்கும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எப்படி வந்தால் என்ன, சனியன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. பெட்டி வாசலுக்கு எதிரே அந்தரத்தில் நின்று, திரும்பி வரும் தேனீயைப் பிடிக்கும். தலையைக் கடித்துப் போட்டுவிட்டு உடம்பைத் தூக்கிக்கொண்டு போகும்.

வாசலைத் தேனீ மட்டும் நுழையும் அளவுக்குச் சின்னதாக்கச் சொன்னார் சங்கத்துக்காரர். இவர் கேட்டால்தானே.

"மூடிக்கினு குந்தினா குளவி செத்துப்பூடுமா? இரை போட்டு இட்டாந்து மொத்தமா அமுக்கணும் மே."

ஆற்றில் இரை கட்டி நண்டு பிடித்த புத்தி. நான் கூடையில் மீன் விற்பவள்; வெட்டிக் கழித்த குடலைக் கேட்டு வாங்கினார்.

"யோவ், இந்த நாத்தத்துக்கு ஊர்ல கீற குளவியெல்லாம் வந்துறப் போவுது" என்றேன்.

"வரட்டுமே, அதான் வோணும்."

சோப்புத் தண்ணீர் வாளிக்கு மேலே, பெட்டிக்குப் பக்கத்திலேயே, குடலைக் கட்டித் தொங்கவிட்டார். முதல் நாள், இரையோடு பறக்க முடியாமல் தண்ணீரில் விழுந்த குளவிகள் நிறைய செத்து மிதந்தன. தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். இரண்டாம் நாள் வெயிலில் குடல் வற்றிப்போனது. வாசனைக்கு வந்த குளவிகள் திரும்பிப் போகவில்லை, பெட்டிமேல் விழுந்தன.

நான் வியாபாரம் முடித்து வந்தபோது அவர் செருப்பால் அவற்றை அடித்துக்கொண்டிருந்தார். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. கையைப் பிடித்து இழுத்தேன். "உடு மே, எல்லாம் சாவுது மே" என்று அழுதார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மிஞ்சிய தேனீக்கள் மறுநாள் கூட்டமாகக் கிளம்பிப் போய்விட்டன. பெட்டியைத் திறந்தோம். அடியில் மிளகு கொட்டினாற்போலத் தலைகள் கிடந்தன.

அடுத்த நாள் காலையில் அவரை எழுப்பினேன். வீங்கிய கண்ணைப் பாதி திறந்தார்.

"ஏந்து இன்னா பண்ணட்டும் மே?"

சோற்றைப் பாயோரம் மூடி வைத்தேன். கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.