பின் சக்கரத்துக்கு ஒரு டிஸ்க்

போன வாரம் மகளோடு காரில் குற்றாலம் போய்க்கொண்டிருந்தேன். சாரல் நன்றாகப் பிடித்திருந்ததால் ஐந்தருவி ரோட்டில் வண்டிகள் ஊர்ந்தன. எங்களுக்கு முன்னால் வாழைத்தார் ஏற்றிய ஒரு பழைய பிக்கப். அதன் பின் சக்கரத்திலிருந்து புகை வந்தது. கண்ணாடியை இறக்கியதுமே வாசனை உள்ளே வந்துவிட்டது. கருகிய முடியும் காய்ந்த தகரமும் கலந்த மாதிரி இருக்கும் அது. பிரேக் லைனிங் வேகிற வாசனை. உங்களுக்கு அது தெரியாதென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். டிரைவர் இறங்கி, குடிக்கிற தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு சக்கரத்தருகே குனிந்தார்.

“ஊத்தாதீங்க தம்பி, டிரம்மு விரிசல் விட்டுரும். தானா ஆறட்டும்” என்று சத்தம் கொடுத்தேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மகள் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். “அம்மா, இங்கன வச்சு ஆரம்பிக்காத” என்றாள்.

அங்கே ஆரம்பிக்கவில்லை. இங்கே ஆரம்பிக்கிறேன்.

எங்களிடமும் ஒரு பிக்கப் இருந்தது. வாங்கும்போதே பழசு. என் வீட்டுக்காரர் அதில் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றி, புளியரை வழியாக மலையேறி, புனலூரில் இறக்கிவிட்டு வருவார். இலத்தூரில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. அது சோற்றுக்கு ஆகும், பிள்ளையின் படிப்புக்கு ஆகாது. ஒருநாள் தக்காளிப் பெட்டியைத் தூக்கும்போது அவருக்கு முதுகில் பிடித்துக்கொண்டது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, டிஸ்க் விலகியிருக்கிறது, இனிப் பாரம் தூக்கவும் கூடாது, வண்டி ஓட்டவும் கூடாது என்று சொல்லிவிட்டார். டிஸ்க் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் முதலில் நுழைந்தது இப்படித்தான்.

எனக்கு ஓட்டத் தெரியும். பிறந்த வீட்டில் டிராக்டரை வயலுக்குள் இறக்கி ஏற்றியவள். லைசென்சும் எடுத்திருந்தேன், அது பீரோவில் பட்டுப்புடவைகளோடு தூங்கிக்கொண்டிருந்தது. உயரம்தான் பிரச்சினை. சீட்டில் தலையணை போட்டால்தான் எனக்கு ரோடு தெரியும். போடுவதுதான் போடுகிறோம் என்று பூப்போட்ட உறையாகப் பார்த்துப் போட்டேன். சந்தையில் எங்கள் வண்டிக்குத் ‘தலாணி வண்டி’ என்று பெயர் வந்துவிட்டது. பெயர் வைத்தவர்கள் லோடு தராமல் இருக்கவில்லை என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை.

அந்த வருஷத்து மழையில்தான் அது நடந்தது. ஆரியங்காவு தாண்டி இறக்கம். ரோட்டின் குறுக்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் இறங்கி ஏறி ஒரு வளைவு திரும்பினால், எதிரே ஆளை இறக்குவதற்காக ஒரு பஸ் நிற்கிறது. பிரேக்கை மிதித்தேன். கால் போனது, வண்டி நிற்கவில்லை. பின் சக்கரத்து டிரம் என்பது மூடி போட்ட அண்டா மாதிரி. உள்ளே போன தண்ணீர் லேசில் வெளியே வராது, சூடும் வராது. டிரம்மை உள்ளிருந்து பிடிக்கிற லைனிங் நனைந்தால் வழுக்கிக்கொண்டே போகும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அதுவும் அதே டிரம்மைத்தானே பிடிக்கும். கியரைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இடது பக்கத்து மண் மேட்டில் வண்டியை உரசி நிறுத்தினேன். பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆடு படுக்கலாம், அவ்வளவுதான் இடம். பெட்டிகள் சரிந்து ரோடெல்லாம் தக்காளி.

பஸ்ஸிலிருந்து ஒரு மலையாளி தலையை நீட்டினார். “சேச்சி, பிரேக்கு போயோ?”

“போகல, வரவே இல்ல” என்றேன்.

பேச்சுதான் துடுக்கு. கீழே கிடந்த ஒரு தக்காளியை எடுத்துப் புடவையில் துடைத்துத் தின்றேன். ஏன் தின்றேன் என்று இன்றைக்கும் தெரியாது.

சேதி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. என் கொழுந்தன் முத்தையா வந்து உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், எங்கள்மேல் அக்கறையும் உண்டு. அந்த அக்கறைதான் பெரிய தொந்தரவு.

“மைனி, ஆலங்குளத்துல ஒருத்தர் வண்டியக் கேக்காரு. கொடுத்துட்டு வீட்டுல இரிங்க. மலை ரோடு பொம்பளைக்கு ஆவாது.”

“பிரேக்குக்கு ஆம்பள கால் பொம்பள கால்னு தெரியுமா தம்பி? நீங்க மிதிச்சிருந்தாலும் நின்னிருக்காது.”

“அப்போ பிரேக்க மாத்தப் போறியளோ?”

“மாத்தத்தான் போறேன்.”

சொல்லிவிட்டேனே தவிர, அப்படி ஒன்றை மாற்ற முடியுமா என்று அந்த நிமிஷம் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. வாய் முன்னால் போய்விட்டது. மற்றதெல்லாம் அதன் பின்னால் ஓடி வர வேண்டியதாயிற்று.

குத்துக்கல்வலசையில் பரமசிவன் அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப். எங்கள் வண்டியை ஆரம்பத்திலிருந்து பார்ப்பவர் அவர்தான். பெரிய கார்கள் சிலது முன்னே பின்னே டிஸ்க் பிரேக்கோடு வருகின்றனவே, நம் வண்டிக்கும் பின்னால் போட்டால் என்ன என்று கேட்டேன். டிஸ்க் திறந்த தட்டு மாதிரி சுற்றும், தண்ணீரை உதறிவிடும், காற்றில் ஆறிவிடும். இதெல்லாம் அவரிடமே முன்பு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

“கம்பெனிக்காரன் என்ன தெரியாமலா டிரம்மு வச்சிருக்கான்? புது லைனிங் போட்டுத் தாரேன், கொண்டு போங்கம்மா.”

“போன மழைக்கும் இதத்தான அண்ணாச்சி சொன்னிய. அந்தக் கம்பெனிக்காரன் வெண்டைக்கா ஏத்திக்கிட்டு ஆரியங்காவு இறக்கத்துல மழையில வந்திருக்கானா?”

அவர் சிரிக்கவில்லை. காதில் இருந்த பீடியை எடுத்து, பார்த்து, திரும்பக் காதிலேயே வைத்துக்கொண்டார். அவர் சம்மதிக்கிற விதம் அது. மதுரையில் உடைக்கப்பட்ட ஒரு காரின் பின்பக்க டிஸ்க்கும், அதைக் கவ்வுகிற காலிப்பரும் தேடிப் பிடித்து வந்தார். ஹேண்ட் பிரேக் கம்பி மாட்டுவதற்கு இடம் இருக்கிற காலிப்பர் அது. அதைப் பழைய அச்சில் உட்கார வைக்கத் தடித்த இரும்புத் தகடு வெட்டி லேத்தில் துளை போட்டார்கள். முதல் தகடு கோணலாகிவிட்டது. இன்னொன்று வெட்டினார்கள். என் வீட்டுக்காரர் அங்கே கிடந்த பெஞ்சில் முதுகுக்கு வெந்நீர்ப் பையை வைத்துப் படுத்துக்கொண்டு, எல்லோருக்கும் உத்தரவு போட்டார். பிரேக் ஆயிலில் இருக்கிற காற்றை வெளியேற்றப் பெடலை மிதித்துப் பிடிக்கிற வேலை எனக்கு. “மிதிங்க. பிடிங்க. விட்டுராதீய” என்று வண்டிக்கு அடியிலிருந்து அண்ணாச்சியின் குரல் மட்டும் வரும். பிரசவ வார்டு மாதிரி இருந்தது.

பொருத்தி முடித்து, காலி வண்டியை ஓட்டிப் பார்க்க எடுத்தேன். லேசான தூறல். ஆளில்லாத நேர் ரோடு. வேகம் எடுத்து மிதித்தேன். பின் சக்கரங்கள் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிட, வால் பக்கம் சுழன்று, வண்டி வந்த வழியையே பார்த்து நின்றது. முத்தையா பைக்கில் வந்து ஓரமாக நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வண்டிக்குத் தெரியுது மைனி, வீட்டுக்குப் போகணும்னு” என்றார்.

அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. “அப்பமே சொன்னேன்லா. பழைய டிரம்மையே மாட்டிருவோம்” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் வண்டி ஆலங்குளம் போய்விடும் என்று தெரிந்தது. நேரே போய், கழற்றிப் போட்டிருந்த டிரம்மின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

“இத மாட்டணும்னா என்ன எழுப்பிட்டு மாட்டுங்க.”

புடவையெல்லாம் கிரீஸ். யாரும் எழுப்ப வரவில்லை. அண்ணாச்சி டீ குடிக்கப் போனார். முத்தையா பைக்கை மிதித்துக்கொண்டு கிளம்பினார். என் வீட்டுக்காரர் மட்டும் பெஞ்சில் ஒருக்களித்து என் பக்கம் திரும்பினார்.

“ஏட்டி, பிரேக்கு பிடிக்கலேன்னு அழுத காலம் போயி, இப்ப கூடுதலாப் பிடிக்குதுன்னுதான உக்காந்திருக்க. காலி வண்டில பின்னால பாரம் கெடையாது. அதான் சக்கரம் பூட்டுது. பின்னால போற ஆயில் பிரஷரக் கொறைச்சா?”

டீ குடித்துவிட்டு வந்த அண்ணாச்சியும் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். பின்னால் போகிற குழாயில் அழுத்தத்தைக் குறைக்கிற ஒரு வால்வு போட்டார்கள். திருகித் திருகி அளவு வைக்கலாம். மணல் மூட்டை ஏற்றி ஒரு தரம், இறக்கி ஒரு தரம் என்று எத்தனை முறை ஓட்டினேனோ. கடைசியில் ஈர ரோட்டில் காலி வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. பிரேக்கை மாற்றியதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் மனு கொடுத்து, வண்டியைக் காட்டி, அனுமதியும் வாங்கினேன். அதற்கு நடந்த நடையை எழுதினால் பக்கம் காணாது.

அடுத்த லோடுக்கு, டாக்டர் பேச்சை மீறி, இடுப்புப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஏறிவிட்டார். நல்ல மழை. அதே இறக்கம், அதே குறுக்குத் தண்ணீர். நான் மிதிப்பதற்கு முன்னால் அவர் காலால் தரையை மிதித்தார். முதல் வளைவில் “மெதுவா” என்றார். அடுத்ததில் காலைத் தளர்த்திக்கொண்டார். தென்மலைக்குக் கொஞ்சம் முன்னால் குறட்டைச் சத்தம் கேட்டது. எனக்கு இதுவரை யாரும் அதைவிடப் பெரிய சர்டிபிகேட் கொடுத்ததில்லை.

அதற்குப் பிறகு மகள் படித்து முடிக்கும்வரை ஓட்டினேன். ஆலங்குளத்துப் பேச்சை முத்தையா எடுக்கவே இல்லை. சந்தையில் “எங்க மைனி மாத்துன பிரேக்கு” என்று அவரே சொல்லித் திரிந்ததாகக் கேள்வி. வண்டிக்கு வயசாகி, உடைக்கக் கொடுத்துவிட்டோம். ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது வரிசையாக வீடுகள்.

ஆரியங்காவில் அப்போது வரிக்காக நிறுத்துகிற செக்போஸ்ட் இருந்தது. லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். வரிசையில் நிற்கிறபோது யாராவது வந்து கதவைத் தட்டி, என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, “டிரைவர் எங்கம்மா?” என்பார்கள். “நாந்தான்” என்பேன். நம்பாமல் பின்பக்கமும் போய்ப் பார்த்து வருகிறவர்கள் உண்டு. வரி முறை மாறிய பிறகு அந்த வரிசை போய்விட்டது. வரிசையை நம்பியிருந்த டீக்கடை போய்விட்டது. முன்னும் பின்னும் நின்று வெயிலைத் திட்டிக்கொண்டிருந்த டிரைவர்களின் முகமும் மறந்துவருகிறது. அதற்கெல்லாம் கொஞ்சம் வருத்தம் உண்டு. ‘டிரைவர் எங்கே’ என்ற அந்தக் கேள்வியும் அவற்றோடு போயிருந்தால், அதற்கு மட்டும் எனக்குத் துளி வருத்தம் கிடையாது. போகாமல் எங்காவது மிச்சம் இருந்தால், கேட்கிறவர்கள் வரட்டும். பதில் என்னிடம் அப்படியே இருக்கிறது.