குழாயில் ஒரு வரப்பு

போன வாரம் பேராவூரணியில் ஒரு பெட்ரோல் பங்குக்குப் போயிருந்தேன். யாரோ கட்சித் தலைவர் வருகிறாராம். பெட்ரோல் போடும் மிஷினிலேயே கொடியை வைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்கிக்கொண்டிருந்தான் ஒருத்தன். கத்திவிட்டேன். "பெருசுக்கு பிரஷர் போல" என்று பின்னால் ஒரு குரல். பிரஷர் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெட்ரோல் வாசனையும் கட்டுக்கம்பியும் ஒரே இடத்தில் இருந்தால் எனக்குத் தங்கராசு மாமா ஞாபகம் வந்துவிடும்.

மாமா எங்கள் ஊரில் ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். அப்பா செங்கொடி. இரண்டு பேரும் ஒரே மிராசுதார் வயலில் கதிர் அறுத்தவர்கள். கூலிச் சண்டையில் அப்பா ஜெயிலுக்குப் போனார், மாமா வேறு கொடிக்குப் போனார். தேர்தல் வந்தால் பேசிக்கொள்ள மாட்டார்கள். பொங்கல் வந்தால் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நாகைப் பக்கம் கப்பலில் எண்ணெய் ஏற்றும் துறையில் எனக்குத் தற்காலிக வேலை வாங்கிக் கொடுத்தது மாமாதான். அதற்காக யார் யார் பின்னாலோ அலைந்தார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்பதை முதலில் பார்க்கப்போகிறவன் நான். "போய்த் தொலை" என்றார். அதுதான் ஆசீர்வாதம்.

கரையிலிருந்து கடலுக்குள் நீளும் பாலத்தில் இரும்புக் குழாய் ஓடும். பெட்ரோலைவிடச் சீக்கிரம் பற்றுகிற எண்ணெய் அதில் போகும். கேண்டீன் டீயில்கூட அந்த வாடைதான். அந்த டீக்காகவே சீக்கிரம் வேலைக்குப் போவேன், நாக்கு கெட்ட பயல். குழாயின் நடுவே ஓர் இணைப்பில் மின்சாரம் கடத்தாத தகடு இருக்கும். கப்பல் இரும்பு, கரைக்குழாயும் இரும்பு. இரண்டையும் இரும்பாலேயே தொடர்ச்சியாக இணைத்தால், கப்பலுக்குப் போகும் ஹோஸைக் குழாயில் மாட்டும்போதோ கழற்றும்போதோ பொறி பறக்கலாம். ஒரு பொறி போதும். அந்தத் தகட்டைச் சுத்தமாக வைத்திருப்பது, வேறு இரும்பு எதுவும் அதைத் தாண்டாமல் பார்ப்பது, இதுதான் என் வேலை.

ஒருநாள் மந்திரி வருகிறார் என்றார்கள். அலங்காரப் பொறுப்பு தங்கராசு மாமாவுக்கு. கப்பல் வந்து நிற்கிறது, ஹோஸைத் தூக்கிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தால் குழாய் நெடுக மாமாவின் கொடிகள். ஒரே நீளக் கட்டுக்கம்பி, தகட்டைத் தாண்டி அந்தக் கோடிவரை போகிறது. நிறுத்து என்று நான் போட்ட சத்தத்தில் கப்பல்காரன் எட்டிப் பார்த்தான்.

இஞ்சினியர் ஓடி வந்து, கம்பியை உடனே எடுக்க வேண்டும், அதுவரை ஹோஸ் மாட்டக் கூடாது என்றார். கட்சிக்காரர்கள் கூடிவிட்டார்கள். கொடியில் கை வைத்தால் மண்டை உடைகிற காலம் அது.

"செங்கொடிக்காரன் மவன் நம்ம கொடிய அறுக்கச் சொல்றாண்டா" என்றான் ஒருத்தன்.

மாமா முன்னால் வந்தார். முகம் சிவந்திருந்தது. "ஒன்னய இங்க சேத்துவிட்டதே நாந்தான் மாப்ளே. என் மானத்த வாங்குறியா?"

அவர் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த நாள் எனக்கு வேலை இல்லை. தெரிந்துதான் வாயைத் திறந்தேன். எனக்குப் பக்குவமாகப் பேச வராது.

"மானத்த அப்பறம் பாக்கலாம் மாமா. இந்தத் தகடு வரப்பு. கப்பல் ஒரு வயலு, கர ஒரு வயலு. நீங்க கட்டுன கம்பி நண்டு வளை."

மாமா குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நண்டு வளை போட்ட வரப்பு என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ராத்திரி ஊசி மாதிரி ஒழுகும். விடிந்தால் வயலில் தண்ணீர் இருக்காது, வரப்பும் இருக்காது.

வேட்டியை மடித்துக் கட்டினார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து தன் கையாலேயே கம்பியை முறுக்கவிழ்த்தார். "இந்த எடத்த விட்டுட்டு, அந்தாண்ட தனியா இந்தாண்ட தனியா கட்டுங்கடா. கயித்துல கட்டுங்க" என்றார். செங்கொடிக்காரன் மவன் என்றவனைத்தான் கயிறு வாங்க அனுப்பினார்.

மந்திரி பாலத்துக்கே வரவில்லை. கேட்டிலேயே இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஹோஸை மாட்டினார்கள், எண்ணெய் ஏறியது, கப்பல் போனது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததற்கு யார் மாலை போடுவார்கள்? மந்திரிக்கு வாங்கிய மாலையைத் தூக்கிக்கொண்டு மாமா என் கழுத்தில் போட வந்தார். திட்டி அனுப்பினேன். சிரித்துக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான். "வரப்பு எப்புடி இருக்கு மாப்ளே?" கல்யாண வீடு, எழவு வீடு, பஸ் ஸ்டாண்டு, எங்கேயும். கொஞ்ச நாளில் அப்பாவும் அதையே கேட்க ஆரம்பித்தார். இரண்டு கொடிக்கும் பொதுவாக ஒரு வரப்பு.

கப்பல் வருவது குறைந்து, பிறகு நின்றே போனது. மாமா பின்னாளில் சேர்த்திருந்த கொஞ்ச வயலை வாங்கியவன் வரப்பையெல்லாம் வழித்து இறால் குட்டை வெட்டினான். கடைசியாக மாமாவைப் பார்த்தபோது கட்டிலில் கிடந்தார். பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வரப்பு எப்புடி இருக்கு?" என்றார்.

மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்கிறவன் நான். "கெட்டியா இருக்கு மாமா" என்றேன்.

அதற்கு முந்தின வாரம்தான் அந்தக் குழாயைத் துண்டு துண்டாக அறுத்துப் பழைய இரும்பு லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள்.